சட்டைப்பையில் ஜெனிஃபர்

ஜெனிஃபர் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனபோது இரண்டு பெட்டி, ஒரு பிரஷர் குக்கர், ஒரு பட்டாளத்துக்குக் காணும் அளவு இட்லிப் பொடி எல்லாம் எடுத்துக்கொண்டு போனாள். பழைய போனை மட்டும் தாராவியில் விட்டுவிட்டுப் போனாள். அது என் சட்டைப்பைக்கு வந்து சேர்ந்தது. ஆக, ஆள் அங்கே, ஜெனிஃபர் இங்கே.

என் பையில் அப்போது அதையும் சேர்த்து ஐந்து போன்கள். திருடியவை அல்ல. புதுக் கம்பெனி ஒன்று முதன்முதலாக ஷேர் வெளியிடுகிறது என்றால் கேட்பவர்கள் நூறு பேர், கிடைப்பது இரண்டு பேருக்கு. குலுக்கல்தான். ஒரு பான் கார்டுக்கு ஒரு விண்ணப்பம் என்று கணக்கு. அதனால் மும்பையில் விவரம் தெரிந்த வீடுகளில் பெயர்தான் முக்கியம், ஆள் அல்ல. மனைவி பெயரில் ஒன்று, மகன் பெயரில் ஒன்று, இன்னும் சமையலறை எது என்று தெரியாத புது மருமகள் பெயரில் ஒன்று. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பேங்க் கணக்கு, ஷேர் வைக்க ஒரு டீமேட் கணக்கு, ஒரு சிம். விண்ணப்பம் போட்டால் போனில் ஒரு செய்தி வரும். திறந்து, ரகசிய எண்ணைப் போட்டு, சம்மதம் என்று அமுக்க வேண்டும். யாருடைய விரல் என்று போன் கேட்பதில்லை.

செம்பூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக முப்பத்தாறு வருஷம் மாத்திரை எண்ணிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். சுடலைக்கண்ணன் என்று பெயர். ஓய்வுக்குப் பிறகு பதினோரு வருஷமாக நான் அமுக்காத சம்மதம் இல்லை. முலுண்டிலிருந்து மான்குர்த் வரைக்கும் என் கட்டைவிரலில் ராசி என்று பேச்சு. பாண்டுப்பில் ஒரு அம்மாள், பேரப்பிள்ளைக்குப் பெயர் வைக்கும் முன்பே பான் கார்டு எடுத்து என்னிடம் கொடுத்தாள் என்று எல்லோரிடமும் சொல்வேன். பெயர் வைத்து ஆறு வருஷம் கழித்துத்தான் கொடுத்தாள். அப்படிச் சொன்னால் கேட்கிறவனுக்கு என்ன ருசி இருக்கிறது?

ஜெனிஃபரின் அப்பா சந்தியாகு எனக்கு இருபது வருஷச் சிநேகிதன், லிஃப்ட் மெக்கானிக். தாதரிலிருந்து தாணா வரைக்கும் அவன் தொங்காத கயிறு இல்லை. மகள் புள்ளியியலில் மேல்படிப்புக்கு அமெரிக்கா போக வேண்டும் என்றதும் வேலையை முன்கூட்டியே விட்டான். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு லட்சம். படிப்பு மூன்று செமஸ்டர். முதல் இரண்டுக்குப் பேங்க் கடன். மூன்றாவது, அதாவது கடைசி செமஸ்டருக்கு இந்தப் பணம். கையில் காசு இருக்கிறதா என்று விசா ஆபீசில் பார்ப்பார்கள் என்று சொல்லி, பன்னிரண்டு லட்சத்தையும் ஜெனிஃபர் பெயரிலேயே மாட்டுங்காவில் ஒரு பேங்கில் போட்டான். அதே பேங்கில்தான் அவளுடைய டீமேட்டும். விசா கிடைத்தது. அவள் போனாள். பணம் சேமிப்புக் கணக்கில் மூன்று வட்டிக்குப் படுத்துத் தூங்கியது. தூங்குகிற பணத்தைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

போன இரண்டாம் மாதத்தில் ஜெனிஃபரே என்னைக் கூப்பிட்டாள்.

“பெரியப்பா, இங்க எல்லாரும் போன்லயே ஷேர் வாங்குறாங்க. லைப்ரரி வேலைல எனக்கும் கொஞ்சம் மிச்சம் வருது. காலேஜ்ல வெளிநாட்டுப் பசங்களுக்குன்னு ஒரு ஆபீஸ் இருக்கு, அங்க போய்க் கேட்டேன். வாங்கி வெச்சுக்கலாமாம். அதையே வேலையா பண்ணக் கூடாதாம். படிக்கிறதுக்குத்தான் விசா குடுத்திருக்கோம்னு சொன்னாங்க.”

“எத்தன வாட்டி அமுக்குனா வேலைங்கான்?”

“அதத்தான் பெரியப்பா யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. அதனால நான் தொடவே இல்ல.”

“நீ தொடவே வேண்டாம். ஒனக்கு இங்க கணக்கு இருக்கு, சிம்மு இருக்கு, வெரலு இருக்கு. பெறகு என்ன?”

“அரே, அந்தக் கணக்குக்கும் ஏதோ ரூல் இருக்காம். வெளிநாடு வந்துட்டா பேங்க்ல சொல்லி அத வேற வகையா மாத்தணுமாம். கூடப் படிக்கிற பூனாக்காரி சொன்னா. அவ மாத்திட்டா.”

“அவ அப்பன் ஆடிட்டரா இருப்பான். தாராவிலேர்ந்து போனவள எவன் தேடுதான்?”

சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “அது ஃபீஸ் காசு பெரியப்பா. ஆகஸ்ட்ல வேணும். அத மட்டும் பாத்துக்கோங்க.”

சந்தியாகுவிடம் கேட்டேன். “கயித்தப் பத்திக் கேளுங்க, சொல்லுதேன். ஷேரு எனக்குத் தெரியாது அண்ணாச்சி. நீங்க பாத்துச் செய்யுங்க” என்றான்.

பார்த்துச் செய்தேன். குலுக்கலில் அவள் பெயருக்கு மூன்று முறை விழுந்தது. என் பெயருக்கு ஜென்மத்தில் விழுந்ததில்லை. அந்தத் தைரியத்தில், தண்ணீர் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் பத்து லட்சத்தை இறக்கினேன். பம்பு, தண்ணீரை விட்டுவிட்டு விலையை இறைத்தது. ஜூலை முடியும்போது மொத்தம் பதினைந்து லட்சத்தைத் தொட்டிருந்தது. ஃபீஸ் ஒன்பதரை லட்சம். ஆகஸ்ட் இருபத்தைந்துக்குள் கட்ட வேண்டும். சந்தியாகு இரண்டு தடவை கேட்டான், “வித்துருவமா அண்ணாச்சி?” என்று. “ஒரு வாரம் பொறும்வே, ஓடுத குதிரைய எதுக்கு நிப்பாட்டுதீரு?” என்றேன்.

அந்த வாரத்தில்தான் அந்தப் போன் வந்தது.

மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் காபி குடித்துக்கொண்டிருந்தேன். நல்ல மழை. கடைக்குள் ஒதுங்கியவர்களில் எனக்குத் தெரிந்த முகம் நாலு இருந்தது. பையில் ஜெனிஃபர் அடித்தாள். எடுத்தேன். பேங்கிலிருந்து ஒரு பெண், “ஜெனிஃபர் மேடம் சே பாத் ஹோ சக்தீ ஹை?” என்றாள். ஜெனிஃபருடன் பேச வேண்டுமாம். விவரங்களைப் புதுப்பிக்கிற நேரமாம்.

வெளியே போயிருக்கிறாள், சாயங்காலம் வருவாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பதினோரு வருஷத்தில் அந்தப் பொய்யை ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் கடையில் நாலு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் ஹிந்தியும் அன்றைக்கு நன்றாகப் பால் குடித்த கன்றுக்குட்டி மாதிரி துள்ளியது. மேடம் இங்கே எங்கே இருக்கிறாள், அமெரிக்காவில் அல்லவா இருக்கிறாள் என்றேன். ஒரு வருஷம் ஆகிறது என்றேன். தாராவியிலிருந்து போன முதல் பெண் என்றேன். ஏழாவதோ எட்டாவதோ இருக்கும். மூன்று கம்பெனிக்காரன் வேலையை வைத்துக்கொண்டு அவள் காலேஜ் வாசலில் நிற்கிறான் என்றேன். கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். அவரைப் பார்த்ததும், கிரீன் கார்டும் அநேகமாகக் கைக்கு வந்த மாதிரிதான் என்றேன்.

“பஹுத் அச்சா சார், காங்கிராஜுலேஷன்ஸ்” என்றாள் அந்தப் பெண். ரொம்ப மரியாதையான பெண். நான் இன்னொரு காபி சொன்னேன்.

மறுநாள் காலை ஜெனிஃபரின் கணக்கு பூட்டப்பட்டது. எடுக்கவும் முடியாது, விற்கவும் முடியாது.

சந்தியாகுவும் நானும் பேங்குக்கு ஓடினோம். ஓடினோம் என்றால், கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி முழங்கால் தண்ணீரில் நடந்தோம். அங்கே இருந்த ஆபீசர் சின்னப் பையன். குற்றம் சொல்ல முடியாது, தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துத்தான் சொன்னான். வெளிநாட்டில் இருப்பவர் உள்ளூர்க் கணக்கை நடத்தக் கூடாது. அதை வெளிநாட்டு இந்தியர் கணக்காக மாற்ற வேண்டும். டீமேட்டையும் மூடி வேறு திறக்க வேண்டும். பாஸ்போர்ட், விசா நகல்களில் அங்கே உள்ள நம் தூதரகத்தில் முத்திரை வாங்கி, அசலைக் கூரியரில் அனுப்ப வேண்டும். நாலு வாரம் ஆகும், ஆறு வாரமும் ஆகலாம்.

“அதோட, கிரீன் கார்டுன்னு பதிவாகியிருக்கே. அதுக்கு அமெரிக்க வரிப் படிவம் தனியா வேணும்” என்றான் ஹிந்தியில்.

சந்தியாகு என் பக்கம் திரும்பினான். “கிரீன் கார்டா? எவன் அண்ணாச்சி அப்படிச் சொன்னான்?”

நான் வெளியே மழையைப் பார்த்தேன். ஆபீசர் பையன் நல்லவன். அவனும் மழையைப் பார்த்தான்.

இனி நடந்ததை நான் பெரிதாக்க வேண்டியதே இல்லை. பம்புக் கம்பெனி ஏறியது. விற்க முடியாத பங்கு எப்படி ஏறும் என்று அப்போதுதான் பார்த்தேன். திங்கள் ஏறியது, செவ்வாய் ஏறியது, அரசாங்கம் ஏதோ திட்டம் அறிவித்து புதன் அந்த இரண்டு நாளும் சேர்ந்த அளவுக்கு ஏறியது. லைப்ரரியில் புத்தகம் அடுக்கி, ரொட்டியும் முட்டையும் தின்றுகொண்டிருந்த பெண் தாராவியில் நாளுக்கு நாள் பணக்காரி ஆகிக்கொண்டிருந்தாள்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் சமாளித்திருப்பேன். “பெரியப்பா, ஆறு மணி நேரம் பஸ்ல போயி கான்சலேட்ல முத்திரை வாங்கி அனுப்பிட்டேன். இப்ப கிரீன் கார்டு இல்லன்னு ப்ரூஃப் கேக்குறாங்க. இல்லாததுக்கு என்ன சர்டிஃபிகேட் குடுக்கிறது?”

“ஒரு பேச்சுக்குச் சொன்னது அது.”

“தெரியும்” என்றாள். “காலேஜ்ல கெஞ்சி செப்டம்பர் அஞ்சு வரைக்கும் டைம் வாங்கியிருக்கேன். வெள்ளிக்கிழமை. அதுக்கு மேல குடுக்க மாட்டாங்க. ஃபீஸ் கட்டலன்னா கிளாஸ்லேர்ந்து பேரு எடுத்துருவாங்க. பேரு இல்லன்னா விசா இல்ல.”

“அதுக்குள்ள தொறந்திரும்மா. அந்த ஆபீசர் நம்ம பையன் மாதிரி.”

கணபதி வந்தார். லீவு வந்தது. காகிதங்கள் தலைமை ஆபீசில் எந்த மேஜையிலோ மோதகம் தின்றுகொண்டு கிடந்தன.

செப்டம்பர் இரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஜெயசீலி செம்பூருக்கு வந்தாள். சந்தியாகுவின் மனைவி. இருபது வருஷத்தில் அவள் என் வீட்டுக்குத் தனியாக வந்ததே கிடையாது. குடையைக் கதவுக்கு வெளியிலேயே விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்தாள். கழுத்தில் நூலில் கோத்த சிலுவை மட்டும் இருந்தது, சங்கிலியைக் காணோம்.

“அண்ணாச்சி, நகைய வச்சு ரெண்டர ஆச்சு. எங்க சபைல ரெண்டு லட்சம் பெரட்டிக் குடுத்தாவ. இன்னும் அஞ்சு வேணும். இன்னைக்கு இருந்தாத்தான் நாளைக்கு அனுப்ப முடியும், வெள்ளிக்கெழம போய்ச் சேரும்னு ஜெனி சொல்லுதா.” நிறுத்தினாள். “கணக்கு தொறந்ததும் மொதல்ல ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி. மாதா மேல ஆணையா.”

என்னிடம் நாற்பது லட்சத்துக்கு ஷேர் இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையில் பதினெட்டு. அந்தப் பதினெட்டில் ஐந்தை அந்த நிமிஷமே விற்றிருக்கலாம், போன் என் மடியில்தான் கிடந்தது. ஆனால் நான் வைத்திருந்த ஒரு கம்பெனி வியாழக்கிழமை போனஸ் பங்கு அறிவிக்கப்போகிறது என்று பேச்சு. இரண்டு நாள்தான். இரண்டு நாளுக்காக யாராவது விற்பார்களா?

“எதுக்கும்மா இப்படிப் பதறுதிய?” என்றேன். “நேத்துதான் மேனேஜர் எனக்கு போன் போட்டாரு. நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கணக்கு தொறக்குதுன்னு சொல்லிட்டாரு. தலைமை ஆபீஸ்ல கையெழுத்தே ஆயிட்டு.”

மேனேஜர் எனக்குப் போன் செய்யவில்லை. நான்தான் ஆபீசருக்குப் போன் செய்தேன். பார்க்கிறேன் சார் என்று சொல்லியிருந்தான்.

“நெசமாவா அண்ணாச்சி?”

“நான் என்னைக்கு ஒங்ககிட்ட இல்லாததச் சொல்லியிருக்கேன்?”

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மனைவி பேராச்சி கொடுத்த டீயை நின்றுகொண்டே குடித்தாள். வேறு ஒருத்தரிடம் கேட்கப் போவதாக இருந்தாளாம், பாண்டுப்பில் அவள் அக்கா சம்பந்தி. “இனி எதுக்கு அவுக வாசப்படி ஏறணும்?” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கே திரும்பிப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு பேராச்சி கேட்டாள். “ஒங்ககிட்ட அஞ்சு லட்சம் இருக்குல்லா?”

“இருக்கு. இப்ப வித்தா நஷ்டம்.”

“யாருக்கு?”

நான் டி.வி. சத்தத்தைக் கூட்டினேன்.

புதன் கணக்கு திறக்கவில்லை. வியாழன் திறக்கவில்லை. ஜெயசீலி பாண்டுப்புக்கு வியாழன் சாயங்காலம் ஓடினாள். அவர்கள் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார்கள், செவ்வாயன்றே கேட்டிருக்கக் கூடாதா என்றார்கள். வெள்ளிக்கிழமை போயிற்று. சனிக்கிழமை காலை ஜெனிஃபருக்கு இமெயில் வந்தது. வகுப்புகளிலிருந்து பெயர் நீக்கப்பட்டது. பதினைந்து நாளில் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மூன்றில் இரண்டு செமஸ்டர் முடித்தவளுக்கு எந்தப் பட்டமும் கிடையாது.

சந்தியாகு என்னைத் திட்டவில்லை. மறுபடி வேலைக்குப் போனான், கான்ட்ராக்டில், பாதிச் சம்பளத்துக்கு. ஓய்வு பெற்றவனைக் கயிற்றில் தொங்கவிட மாட்டார்கள். கீழே நின்று டார்ச் அடிக்கிற வேலை.

தாராவிக்காரர்களுக்கோ வேறு செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. பன்னிரண்டு லட்சம் பத்தொன்பது ஆகிவிட்டது, ஒரு வருஷத்தில், எல்லாம் சுடலை அண்ணாச்சியின் கைராசி என்று. படிப்பு போனது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. போன பிள்ளை திரும்பி வருகிறது, பணமும் ஏறியிருக்கிறது, வேறென்ன வேண்டும் என்றார்கள். நைன்டி ஃபீட் ரோட்டில் பொத்தான் கடை வைத்திருக்கிற தாஹிர் பாய் மனைவி, மகள், மருமகன் மூவரின் போனையும் ஒரு மிட்டாய் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். டப்பா நிறைய ஜிலேபியும் இருந்தது. நான் வாங்கிக்கொண்டேன். ஜிலேபியையும்தான்.

ஜெனிஃபர் வந்த மூன்றாம் நாள், நேரில் போய்க் கையெழுத்துப் போடப் பேங்குக்குப் போனாள். அவளுடைய போன் என்னிடம் இருந்ததால் என்னையும் வரச் சொன்னாள். இளைத்திருந்தாள். வெளிநாட்டில் இருக்கிறேன் என்று நிரூபிக்க ஆறு வாரமும் போதவில்லை. திரும்பி வந்துவிட்டேன் என்று சொல்ல இருபது நிமிஷம். பாஸ்போர்ட்டில் மும்பை விமான நிலையத்து முத்திரையைக் காட்டினாள், அவ்வளவுதான். டோக்கன் கொடுத்து பெஞ்சில் உட்காரச் சொன்னான் அதே ஆபீசர்.

போனை எடுத்து நீட்டினேன். வாங்கி, ரகசிய எண்ணை மாற்றினாள். பிறகு விலையைப் பார்த்தாள்.

“பத்தொம்பது” என்றேன் நான். எனக்கே என் குரலில் கொஞ்சம் பெருமை கேட்டது.

“படிப்புக் கடன் வட்டியோட பத்தொம்பதே கால் பெரியப்பா. சரியாப் போச்சு.”

கவுண்டருக்கு மேலே டோக்கன் நம்பர் மாறியது. நாற்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையில் நாற்பத்தைந்து.

“அம்மா வந்தாங்கல்ல, அந்தச் செவ்வாக்கிழமை. அன்னைக்கு உங்ககிட்ட இருந்துச்சா?”

ஆயிரம் பதில் சொல்லலாம். எல்லாம் நாக்கு நுனியில்தான் இருந்தது.

“இருந்தது.”

“வித்திருந்தா உங்களுக்கு எவ்வளவு போயிருக்கும்?”

“பதினோராயிரத்து நானூறு.”

அவள் தலையை ஆட்டினாள். மனதுக்குள் டாலராக மாற்றியிருப்பாள் போல.

“அங்க ஒரு புக்கோட விலை” என்றாள்.

நாற்பத்தைந்து வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கவுண்டருக்குப் போனாள். நானும் எழுந்தேன். “நீங்க வர வேண்டாம், என் கையெழுத்துதான்” என்று திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.